கொத்துறதை எடு

ஜோதியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகாத வருஷம் என்று ஒன்று, கல்யாணமான முதல் எட்டு வருஷத்தில் இருந்ததில்லை.

வேட்டவலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். அம்மா கேட்க மாட்டாள். கேட்டால் அழுகை வரும் என்று தெரியும். அப்புறம் ஒரு நாள் புருஷன் முருகையன் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்து வாசலில் நிற்பான். மாமியாருக்கு மிக்சர், பெண்டாட்டிக்கு மௌனம். இரண்டு பேரும் ஒன்றாக அடி அண்ணாமலைக்குத் திரும்புவார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஏதாவது ஒன்று கை மாறியிருக்கும். முதல் தடவை, அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலை. முருகையனின் அண்ணன் பெண்டாட்டி, பெரியவள் ராணியம்மாள், அதைத் தன் அறைக்குள் வைத்துத் தண்ணீர் ரொப்பியிருந்தாள். "நீ இல்லியே, சும்மாதானே கெடந்துச்சு." அடுத்த தடவை, புடவை காயப்போடும் கொடி. அதற்கடுத்த தடவை, அடுப்புக்குப் பக்கத்தில் ஜோதியம்மாள் உட்கார்ந்து சாப்பிடும் இடம். அங்கே முறமும் உரலும் வந்து உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து அவள் கதவோரம் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ராணியம்மாள் கையை ஓங்கியவள் இல்லை, கெட்ட வார்த்தை பேசியவளும் இல்லை. மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, "உப்பு ஜாஸ்தியா கீதுங்களா? எங்க ஜோதி ஊர்ல உப்பு சும்மா வரும், அதான்" என்பாள். ஆட்கள் சிரிப்பார்கள். குழம்புச் சட்டியை வழித்துத் தன் பையன்களுக்குப் போட்டுவிட்டு, "ஐயோ, நீ இன்னும் சாப்புடலியா?" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு இறகு. பிடுங்குகிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை. எட்டு வருஷத்தில் ஜோதியம்மாளுக்குத் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

முருகையனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணிகிட்ட நான் போயி இன்னா சொல்றது? எங்கம்மா செத்தப்ப எனக்கு சோறு போட்ட கையி அது" என்றான் அவன்.

"அப்ப தனி அடுப்பு வெச்சுடுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். நிலம் அண்ணன் தருமன் பெயரிலும் தம்பி பெயரிலும் சேர்ந்தே இருந்தது. நிலத்தைப் பிரிக்காமல் அடுப்பை எப்படிப் பிரிப்பது? கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான்: "உன் கைக்குன்னு ஒரு வரும்படி வரட்டும். அன்னிக்கே அண்ணன்கிட்ட நான் கேக்கறேன்."

வாயை விட்டானே, போதும். மறுநாளே ஜோதியம்மாள் ஏரிக்கரைக்குப் போய் அடுப்புக் கூட்ட மூன்று கல் பொறுக்கி வந்து, பழைய மாட்டுக் கொட்டாயின் மூலையில் வைத்தாள். ராணியம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடி கல்லு?" என்றாள். "மாடு கட்ட முளை அடிக்க" என்றாள் ஜோதியம்மாள். அந்தக் கொட்டாயில் மாடே இல்லை.

எண்பத்து இரண்டாம் வருஷம் ஆனியில் அந்தக் கொட்டாய்க்குக் கோழி வந்தது. நாட்டுக்கோழி இல்லை, வெள்ளைக் கோழி. டவுனில் தீவனக்கடை வைத்திருந்த கண்ணாயிரம், காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் நூறு குஞ்சைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். ஜோதியம்மாளின் கால் கொலுசு அன்றோடு போயிற்று. தரையில் மல்லாட்டைத் தோலைப் பரப்பி, கூடைக்கடியில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, தவிடும் கருவாட்டுத் தூளும் கலந்து போட்டு வளர்த்தாள். மஞ்சள் குஞ்செல்லாம் வெள்ளை இறகு விட்டு, ஆடி பிறக்கும்போது புறா அளவுக்கு வந்துவிட்டன.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை. புதுசாக மாடு வந்தால் பொட்டு வைப்பார்கள், புது வண்டி வந்தால் பொட்டு வைப்பார்கள். இத்தனை உயிர் வீட்டுக்கு வந்திருக்கிறதே, வெறும் நெற்றியோடு விடலாமா? வீட்டில் மூத்த சுமங்கலி கையால் வைப்பதுதான் முறை. ஜோதியம்மாளே போய்க் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க வந்து உங்க கையால வெச்சு வுடுங்க."

ராணியம்மாளும் முகத்தைக் கழுவிக்கொண்டு குங்குமச் சிமிழோடு வந்தாள். கோழிக்கு நெற்றி எங்கே இருக்கிறது? முதுகில்தான் வைத்தார்கள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி வைக்க, கைக்கு அகப்பட்டதற்கெல்லாம் வெள்ளை முதுகில் சிவப்பாக ஒரு வட்டம். அழகாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாய ஜோதியம்மாள் தீவனத்தோடு போனபோது கொட்டாயில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பொட்டு வைத்ததையெல்லாம் பொட்டு வைக்காதது துரத்திக்கொண்டிருந்தது. குங்குமம் இருந்த இடத்தில் இறகு இல்லை. இறகு போன இடத்தில் தோல் இல்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து ஓடிவந்தன. மூலையில் கல்லுக்குப் பக்கத்தில் மூன்று செத்துக் கிடந்தன. அவற்றையும் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது ஒன்று. கொண்டை இடது கண்மேல் சாய்ந்து விழுந்த பெட்டை. தலையை நிமிர்த்தி, ஒற்றைக் கண்ணால் ஜோதியம்மாளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து கொத்தியது.

மறுநாள் காலையில் கண்ணாயிரம் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"செவப்பக் கண்டா வுடாதுக்கா கோழி. ஒரு சொட்டு ரத்தம் போதும், மொத்தக் கொட்டாயும் சேந்துக்கும். நீங்க என்னான்னா பொட்டு வெச்சு வுட்டு கீறீங்க."

ராணியம்மாள் துவைக்கிற கல்லில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு இன்னாபா தெரியும்? சாமி காரியம்னு செஞ்சோம்" என்றாள்.

கண்ணாயிரம் வேலை சொன்னான். பல்பைச் சுற்றிச் சிவப்புக் காகிதம் கட்டு, அந்த வெளிச்சத்தில் அதுகளுக்கு ரத்தம் தெரியாது. முருங்கைக்கீரையைக் கட்டாகக் கட்டி எட்டாத உயரத்தில் தொங்கவிடு, வாய் சும்மா இருக்கக்கூடாது. இடம் நெருக்கம், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் மறைத்துக் கொட்டாயை நீட்டு. காயத்துக்கு ஊதா மருந்து.

ஜோதியம்மாள் அடிபட்ட குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் போட்டாள். "இதுங்கள வீட்டுக்குள்ள வெச்சுக்கறேன். ஆறினதும் வுடறேன்."

"அதான் தப்பு. அடி வாங்கினத எடுக்காதக்கா. ரொம்ப மோசமா இருந்தா ஒண்ணு ரெண்ட எடு, மத்தத வுடு. அடி வாங்கினத வெளிய வெச்சு நாலு நாள் கழிச்சு வுட்டா, புதுசா வந்ததுன்னு நெனச்சு இன்னும் ஜாஸ்தியா அடிக்கும். கொத்துறத எடு. அத தனியா கூடையில கவுத்து வை. அது இல்லாத நேரத்துல மத்ததெல்லாம் அதுங்களுக்குள்ள ஒரு வரிசை போட்டுக்கும். திரும்ப வுட்டா, அதுக்குக் கடைசி இடந்தான்."

கையில் குஞ்சோடு ஜோதியம்மாள் அப்படியே நின்றாள். வேட்டவலம் பஸ் ஞாபகம் வந்தது. மிக்சர் பொட்டலம் ஞாபகம் வந்தது. எட்டு வருஷமாக அடி வாங்கினதைத்தான் எடுத்து எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். பஸ் ஏறினதும் அவளேதான்.

"எது கொத்துதுன்னு தெரியுமாக்கா?" என்றான் கண்ணாயிரம்.

"தெரியும்" என்றாள். துவைக்கிற கல் காலியாக இருந்தது. "ராணி."

"பேரெல்லாம் வெக்காதக்கா. அப்புறம் கறி பண்ண மனசு வராது."

"இதுக்கு வரும்."

காயம் ஆறத் தொடங்கியது; சாய்ந்த கொண்டையைத் தனியாக எடுக்கும் வேலை தள்ளிப்போயிற்று. ஊதா மருந்து பூசிய முதுகுகளோடு குஞ்சுகள் கீரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை ஜோதியம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். இரண்டு குஞ்சுகளின் வால் அடியில் புதுசாகச் சிவப்பு. ஒன்று கிழிந்து கிடந்தது. இன்னொன்றைப் பிடித்துத் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, எண்ணெய் விட்டுக் குழைத்து அப்பியிருந்தது.

"அக்கா, குங்குமம் வெச்சீங்களா?"

"வெள்ளிக்கெழமையாச்சே, கை தானா போயிடுச்சு ஜோதி." அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "ஒண்ணு ரெண்டு போனா இன்னா, அதான் நூறு வெச்சுகீறியே."

எண்ணெயில் குழைத்து வைத்த குங்குமம், கை தானாகப் போய் வைக்கிற குங்குமம் இல்லை. ராணியம்மாளுக்குக் கொட்டாயின் மூலையில் இருக்கும் மூன்று கல் எதற்கென்று தெரிந்துவிட்டது. கோழி முட்டை வைத்தால் அந்தக் கல் அடுப்பாகிவிடும். அடுப்பானால் கொத்துவதற்கு ஆள் இருக்காது. 

ஜோதியம்மாள் அழவில்லை. பஸ்ஸும் ஏறவில்லை. நேராகக் கொட்டாய்க்குள் போய், சாய்ந்த கொண்டையைப் பிடித்து, அலகின் நுனியை அடுப்பில் காய்ச்சிய கத்தியால் ஒரு இழுப்பு இழுத்துச் சுட்டாள். அது கத்திய கத்தலுக்கு மற்ற குஞ்சுகள் எல்லாம் சுவரோடு ஒண்டின. பிறகு கொல்லைப்புறத்தில், எந்தக் கோழியும் கண்ணில் படாத இடத்தில், கூடையைப் போட்டு அதைக் கவிழ்த்தாள். மேலே பாரத்துக்கு ஒரு கல் வைத்தாள்.

ஒரு வாரம் போனதும் எடுத்துவந்து விட்டாள். அது பழைய நடையோடு உள்ளே போனது. தீவனத் தொட்டிக்கு நேராகப் போய் இரண்டு பெட்டைகளை இடித்துக்கொண்டு தலையை நீட்டியது. ஒரு கொத்து விழுந்தது. திரும்பியது. பக்கவாட்டில் இன்னொரு கொத்து. முதுகில் இன்னும் ஊதா மருந்து காயாத ஒரு சின்னக் குஞ்சு, எல்லாவற்றிலும் கடைசியாக இருந்த குஞ்சு, அதுவும் ஓடிவந்து ஒன்று போட்டுவிட்டுப் போனது. ஜோதியம்மாள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, கூத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு குழைந்து போனது. அன்று பெரியவள் சொன்ன சொல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மற்றதுக்கெல்லாம் பூசிய ஊதா மருந்தை அதற்கு மட்டும் பூசவில்லை.

ஐப்பசி கடைசியில் செங்கத்திலிருந்து ஆள் வந்தது. ராணியம்மாளின் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிப் படுத்துவிட்டாள். ராணியம்மாள் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் கிளம்பினாள்.

"ஏங்கா, அப்பிடிச் சொல்றீங்க" என்றாள் ஜோதியம்மாள். "பெத்த தாயி. உங்க தம்பி பொண்டாட்டி மூத்திரம் எடுத்துப் போடுவாளா? நீங்கதான் கூட இருக்கணும். இங்க இன்னா தலையா போவுது? பசங்கள நான் பாத்துக்கறேன், மாமாவுக்கு வேளைக்கு சோறு போடறேன். நல்லா நடமாட வெச்சுட்டு நிதானமா வாங்க."

வழிக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கமாகப் போகும் பால்காரரிடம் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லியனுப்பினாள்: இங்கே எல்லாம் சௌக்கியம், ஒன்றும் அவசரமில்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பெரியவள் போன வாரமே கோழிகள் முட்டை வைக்க ஆரம்பித்தன. வந்ததும் வந்தது, கார்த்திகை மாசமாகப் பார்த்து வந்தது. கோயில் டவுன், பாதிப் பேர் விரதம். கண்ணாயிரம் கையை விரித்தான். "செங்கம் ரோட்டுல வெள்ளக்காரங்க வாடகைக்கு இருக்கற வீடுங்களுக்குக் குடுக்கா. அவங்களுக்கு ஏது கார்த்திகை?" முருகையன் சைக்கிளில் கூடை கட்டி எடுத்துப்போனான். வெறும் கூடையோடு திரும்பினான். மீந்தது வீட்டில் குழம்பானது. தருமனுக்கு மிளகு தூக்கலாக, எண்ணெய் மிதக்க முட்டைத் தொக்கு என்றால் உயிர். பெரியவள் கையில் எண்ணெய் கம்மி. பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே, "சின்னம்மா, இன்னிக்கு இன்னா?" என்று கத்திக்கொண்டு வந்தார்கள்.

நெல் அறைச் சாவியை ராணியம்மாள் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் பொழுது விடியும் முன்னே ஜோதியம்மாள் தருமன் தலைமாட்டில் போய் நின்று, "மாமா, அரிசிக்கு அறையத் தொறக்கணும்" என்றாள். சில நாள் இரண்டு தடவை நின்றாள். பருப்பு எடுக்க மறந்துவிட்டது என்றாள். நாலு நாள் பொறுத்தார் தருமன். ஐந்தாம் நாள் படுத்தபடியே சாவியைத் தூக்கிப் போட்டார். "நீயே வெச்சுத் தொலம்மா."

தவலை அவள் அறைக்குத் திரும்பியது. கொடி திரும்பியது. உரலை உருட்டிக் கொல்லைக்கு அனுப்பினாள். பெரியவள் பொருளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகு பெரியவளுக்கு மிச்சம் என்ன இருந்தது என்பது வேறு பேச்சு. தீபத்தன்று மலைமேல் ஜோதி தெரிந்ததும் வாசலில் முதல் அகல் ஏற்றுவது வீட்டு மூத்தவள் கை. அந்த வருஷம் ஜோதியம்மாள் ஏற்றினாள். தருமன் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மார்கழி பிறந்து ராணியம்மாள் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நெல் அறைக்குப் போனாள்; பூட்டு தொங்கியது.

"சாவி எங்கடா?" என்று பெரிய பையனைக் கேட்டாள்.

"சின்னம்மா இடுப்புல."

புருஷனிடம் போனாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "அதுக்கு இன்னா இப்போ? எது எங்க கீதுன்னு அவளுக்குத்தான் தெரியும். அவளயே கேளு."

ஜோதியம்மாள் கேட்காமலே எழுந்து வந்து அறையைத் திறந்து விட்டாள். "எவ்ளோ அரிசிக்கா வேணும்?" என்றாள். அவ்வளவுதான். எடுத்ததும் பூட்டிச் சாவியைச் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் களை எடுக்க ஆட்கள் வந்தார்கள். ராணியம்மாள் சமைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தருமன், "செங்கத்துல உப்பு சும்மா குடுக்கறாங்களாடி?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். சின்ன மகன் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா கொழம்பு வாணாம், சின்னம்மா கொழம்பு போடு" என்றான். ஜோதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றினாள். அவள் கொத்தவில்லை. கொத்துவதற்கு வீடு நிறைய ஆள் இருந்தது.

பொங்கலுக்கு முன்னால், கஞ்சி வடிக்கும்போது பானை நழுவி ராணியம்மாளின் வலது கையில் கொட்டிவிட்டது. முழங்கைவரைக்கும் சிவந்து கொப்புளித்தது. "பாத்து வடிக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் தருமன் வயலுக்குப் போய்விட்டார். பையன்கள் சோறு கேட்டார்கள். ராணியம்மாள் கையைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று நினைத்தாலும் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

ஜோதியம்மாள் கொட்டாய்க்குப் போனாள். மாடத்தில் ஊதா மருந்துப் புட்டி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்தாள். சாய்ந்த கொண்டை பரண் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு இறகு கிடையாது.

புட்டியோடு வீட்டுக்குள் வந்தாள். "நீட்டுங்கக்கா."

கொப்புளத்துக்குத் தேவையானதைவிட மேலேயே பூசினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டி, இடைவெளி விடாமல், பொறுமையாக, ஊதிக்கொண்டே பூசினாள். துவைத்தாலும் போகாத நிறம். மாசி வரைக்கும் ராணியம்மாள் அந்த ஊதாக் கையோடுதான் குழாயடிக்குப் போனாள்.

"இன்னாமே கையில?" என்று எதிர்வீட்டுக் காசியம்மாள் கேட்டாள்.

"கஞ்சி கொட்டிடுச்சு. ஜோதிதான் மருந்து போட்டுவுட்டா."

பால் வாங்கப் போனால் அங்கேயும் கேட்டார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்த உறவுக்காரர்களும் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. ஜோதிதான் போட்டுவுட்டா. கூடத்தில் இருந்தபடி ஜோதியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். முட்டை விற்றுக் கொலுசு வாங்கிப் போட்டபோதுகூட அவளுக்கு அவ்வளவு நிறைவு வரவில்லை.

முருகையன் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. ஒரு நாள் சாயந்திரம் கொட்டாய்க்கு வந்து, மூன்று கல்லையும் காலால் நகர்த்திப் பார்த்தான்.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாரு. பின்பக்கம் ஒரு கூரை எறக்கிக்கலாம். சித்திரையில நாள் நல்லா கீது."

ஜோதியம்மாள் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் கேட்டது. ஏரிக்கரையிலிருந்து இடுப்பொடியச் சுமந்து வந்தது. உள்ளே ராணியம்மாள் யாருக்கோ, "இரு, ஜோதியக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"இப்ப இன்னா அவசரம்?" என்றாள். "அங்கதான் அடுப்பு கீதே."

முருகையன் கூடையை எடுத்துச் சைக்கிளில் கட்டப் போனான்.

அதற்கப்புறம் அவர்கள் தனி அடுப்பு வைக்கவேயில்லை. கொட்டாய் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. வேங்கிக்கால் பக்கம் எழும்பிய புதுவீடுகளுக்கெல்லாம் ஜோதியம்மாள் முட்டை போயிற்று. அவள் மட்டும் எங்கேயும் போகவில்லை. தம்பி கல்யாணத்துக்கு வேட்டவலம் போனாள். தாலி கட்டியதும் பந்திக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினாள். அம்மா சீக்காகப் படுத்தபோது காலையில் போய்ப் பொழுதோடு திரும்பினாள். "ஒரு ரெண்டு நாள் இரேன்" என்று அம்மா கையைப் பிடித்தாள். "கோழிய யாரு பாக்கறது?" என்றாள் ஜோதியம்மாள். பஸ்ஸில் வரும்போது வழி நெடுக இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கூடையில் கவிழ்க்க எத்தனை நாள் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

எண்பத்து ஐந்தில் அம்மா செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியம்வரைக்கும் தங்கச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். எடுத்த மறுநாள் பால் தெளித்துவிட்டு அவள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அடி அண்ணாமலையில் இறங்கி, ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்படியில் ராணியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டியா? இருந்துட்டு வரக்கூடாதா?" என்றாள் பெரியவள்.

ஜோதியம்மாள் தவலை இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பிறகு புடவையை மாற்றிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். மூலையில் அந்த மூன்று கல்லின்மேலும் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. வருஷக்கணக்கான எச்சத்தில் கல் எது தரை எது என்று தெரியவில்லை. அவற்றை விரட்டாமல், தீவனத்தை அள்ளித் தொட்டியில் கொட்டினாள்.